புதுக் கையா, தனிக் கையா?

கண்ணமங்கலத்திலும் சுற்றுப்புறத்திலும் தறியை நம்பிப் பிழைப்போர், கழனியிலே உழைப்போர், ஜவ்வாதுமலையிலிருந்து இறங்கி வருவோர் - ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டால், இவர்களில் பலரும் நாடுவது வேலூர்ப் பாதையிலே உள்ள அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான். 2005-இல் தோன்றிய அந்தக் கல்லூரியிலும், மற்ற மருத்துவக் கல்லூரிகளைப் போலவே, ஆண்டுதோறும் புதிய பயிற்சி டாக்டர்கள் வந்து சேருகிறார்கள். "கற்றுக்குட்டிகள் வந்திருக்கும் சமயம், கத்தி வைக்க விடாதே!" என்ற பேச்சும் கூடவே எழுவதுண்டு.

இந்த அச்சம் நியாயந்தானா? கணக்கைப் பார்ப்போம்.

இங்கிலாந்திலே புது டாக்டர்கள் பொறுப்பேற்பது ஆகஸ்ட் முதல் புதன்கிழமை. 2000 முதல் 2008 வரை அங்கே அவசரமாகச் சேர்க்கப்பட்டோரின் கணக்கை ஆராய்ந்தார்கள். முந்திய வாரத்தைவிட அந்நாளில் சேர்ந்தோருக்குச் சாவு அபாயம் 6 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். ஆனால் அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை! அமெரிக்காவிலே புதியவர் வரும் மாதம் ஜூலை. அம்மாதத்தில் அறுவைக்கு ஆபத்து அதிகம் என்றது 2007-இல் வந்த ஓர் ஆய்வு. பின்னர் முப்பதாண்டு ஆய்வுகளை ஒருசேர எடைபோட்டவர்களோ, வேறுபாடில்லை என்றார்கள்.

காரணம் என்ன? தறியிலே புதிதாக அமர்ந்தவன் இழையைக் கெடுக்காமல் காப்பது, பக்கத்திலே நிற்கும் கைதேர்ந்தவரின் கண்! அறுவை மேஜையிலும் அப்படியே. புதுக் கையல்ல கேடு. தனித்து விடப்பட்ட கை, களைத்துப்போன கை - அதுதான் கேடு என்கிறோம் நாம்.

புதியவரே வராதபோது என்ன நேர்ந்தது? 2021-இல் முதுநிலை நீட் தேர்வு தள்ளித் தள்ளிச் செப்டம்பரிலே நடந்தது. கலந்தாய்வோ 2022 ஜனவரியிலேதான் தொடங்கிற்று. வர வேண்டியவர்களின் பாரமும் இருந்தவர்கள் தோளிலே ஏறிற்று. டில்லியிலே டாக்டர்கள் வீதிக்கு வந்தார்கள்.

வாரம் 48 மணி, தொடர்ச்சியாக 12 மணிக்கு மேல் கூடாது - இது பயிற்சி டாக்டர்களுக்கு மத்திய அரசு 1992-இல் வகுத்த விதி. ஏட்டிலே 12, வார்டிலே 24, 36! 1923-இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே தினக் கொடி உயர்த்திய நாட்டிலா இந்த நிலை?

வழி இல்லாமலில்லை. கத்தி வைக்குமுன் ஆள் யார், எந்த உறுப்பு, என்ன மருந்து என்று வாய்விட்டுச் சரிபார்க்கும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் தந்தது. டில்லி உள்ளிட்ட 8 நகரங்களிலே அதைக் கையாண்டபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த சாவு 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் அறிவித்தார்கள்.

தோழர்களே! இளம் டாக்டரைக் கண்டு அஞ்சி ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். "பெரிய டாக்டர் கூட இருப்பாரா?" என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. அரசை நாம் கேட்கிறோம்: மூத்தவர் இடங்களைக் காலியாக விடாதே! இளையவர் உறக்கத்தைப் பறிக்காதே! ஏழையின் உயிர் அந்த இரண்டிலேதான் இருக்கிறது.