பர்ஸைத் திருடினது யாரு?



காலேஜ் முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையறீங்க. "என் பர்ஸை நீதானே திருடினே?"ன்னு பாட்டி கேட்டா என்ன பண்ணுவீங்க? "நான் ஏன் எடுக்கப் போறேன்?"னு நீங்க எகிற, பாட்டி அழ, அஞ்சே நிமிஷத்துல வீடு ரணகளம்!

பாட்டி வேணும்னு பண்ணலை பாஸ். அது டிமென்ஷியாவா இருக்கலாம். 'மறதி நோய்'னு சொன்னாலும் விஷயம் மறதியோட நிக்காது. சந்தேகம், கோபம், சாயங்காலமானா பதற்றம், சொந்த வீட்டுலயே உட்கார்ந்துக்கிட்டு "வீட்டுக்குப் போகணும்"னு கிளம்பறது... எல்லாமே அதோட வேலைதான். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வுப்படி, இந்தியாவுல 60 வயசைத் தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கு.

நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல, 200 படுக்கைகளோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனா டாக்டர் பார்க்கறது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் பார்த்துக்கறது அம்மா. அவங்களுக்கு யார் ட்ரெய்னிங் குடுத்தா?

அதுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'ஐ-சப்போர்ட்'ங்கற ஆன்லைன் பயிற்சியைக் கொண்டு வந்தது. 5 பகுதி, 23 பாடம். ஒரு பகுதி முழுக்க இந்த நடத்தை மாற்றங்களைப் பத்திதான். பெங்களூரு நிம்ஹான்ஸ்லயும் இதை வெச்சு ஆய்வு நடந்திருக்கு. இங்கிலீஷ் கையேட்டை இலவசமாவே டவுன்லோட் பண்ணிக்கலாம். சமையலுக்கும் பாட்டிக்கும் நடுவுல அம்மா எங்கே படிக்கறது? நீங்க படிங்க. ராத்திரி ஒரு பாடம், தமிழ்ல அம்மாவுக்குச் சொல்லுங்க.

இன்னும் சில வேலைகள்:

* வாதாடாதீங்க. "வாங்க பாட்டி, சேர்ந்து தேடுவோம்"னு சொல்லி மெதுவா பேச்சை மாத்துங்க.

* எத்தனை மணிக்குப் பதற்றம், அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எதுல அடங்கினாங்கன்னு செல்போன்ல குறிங்க. பசியா, வலியா, டி.வி. சத்தமான்னு பிடிபடும். டாக்டர்கிட்டயும் காட்டலாம்.

* ஒண்ணு ரெண்டு நாள்லயே திடீர்னு ஆளே மாறிட்டா, காத்திருக்காதீங்க. இன்ஃபெக்‌ஷனாவோ, மாத்திரையாலயோ இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட போங்க.

* வெளியே கிளம்பற பழக்கம் இருந்தா, உங்க போன் நம்பர் எழுதின கார்டு எப்பவும் அவங்ககிட்ட இருக்கட்டும்.

* முதியோர் உதவிக்கு 14567. அம்மாவே மனசு உடைஞ்சு போனா, டெலி மானஸ் 14416. ரெண்டும் இலவசம்.

எந்த ஆப்பாலயும் செய்ய முடியாத வேலை ஒண்ணு இருக்கு. பாட்டி பக்கத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்றது. அந்த நேரத்துல அம்மா தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், சும்மாகூட இருக்கலாம்.

இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு லீவு. டீலா?