அங்குலத்தில் அடங்கும் விண்வெளி

ஓர் ஒளியாண்டு 9,46,000 கோடி கிலோமீட்டர் என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். தூரம் மட்டும் மனத்தில் பதிவதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழக்கொழிந்த மைலும் அங்குலமும் இங்கே கைகொடுக்கும்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீட்டரை ஓர் அங்குலமாகக் கொள்வோம். ஓர் ஒளியாண்டில் இத்தகைய தூரங்கள் 63,241. ஒரு மைலுக்கோ 63,360 அங்குலம்! தற்செயல்தான், ஆயினும் என்ன பொருத்தம்! ஆக, ஒளியாண்டு ஏறத்தாழ ஒரு மைல்.

சூரியனை நம் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் வைத்தால், நெப்டியூன் 30 அங்குலத்தில், அதே நடைமேடையிலேயே நிற்கும். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரியோ 4¼ மைலில், கல்லாறு நிலையத்துக்குச் சற்று முன்னால். அபிஜித் 25 மைலில். மலை ரயிலில் ஏறக்குறைய ஊட்டியே வந்துவிடும்!

மெட்ரிக் முறையை நான் குறை கூறவில்லை. ஆனால் சுழியங்களைக் கண்டு மிரண்டு இயற்பியலையே வெறுக்கும் மாணவர்களுக்காக, விரிவுரையாளர்கள் இக்கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டலாகாதா?