காயமுற்ற முழங்காலும் திறன்மானியும்

சைக்கிள் மிதிப்பவர் எத்துணைத் திறனைச் செலுத்துகிறார் என்பதை வாட் கணக்கில் காட்டும் சிறு கருவிகள் இப்போது நம் நகரங்களில் விற்பனைக்கு வருகின்றன. பவர் மீட்டர் என்று கடைகளில் வழங்கும் அதனைத் திறன்மானி எனலாம். பந்தய வீரர்களுக்கென எழுந்த இக்கருவி, முழங்காலில் காயமுற்றுத் தேறி வருவோருக்கும் பயன்படும் என்று இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. பயன்படும் என்பதில் ஐயமில்லை. எந்தக் கருவி என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும் என்பது என் கருத்து.

என் இடது முழங்காலின் சவ்வு கிழிந்து, அறுவை மருத்துவம் முடிந்து, ஊன்றுகோலைக் கீழே வைத்தபின் எனக்கு விதிக்கப்பட்ட பயிற்சி சைக்கிள் மிதிப்பதே. உடலின் பளு முழுவதும் மூட்டின்மீது விழாமல் அதனை மடக்கி நீட்ட ஏற்ற வழி அது. உழைப்பைச் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே திறன்மானி ஒன்றை நாடி ஹைதராபாத்தில் ஒரு கடைக்குச் சென்றேன். “சார், எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், விலையும் குறைவு” என்று அங்கிருந்த இளைஞர் எடுத்து வைத்தது, இடது கிராங்கில் மட்டும் பொருத்தப்படும் கருவி.

இக்கருவி வேலை செய்யும் முறை எளியது. காலின் அழுத்தத்தால் கிராங்கு என்னும் உலோகக் கரம் கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள திரிபுமானியின் மின்தடை அவ்வளைவுக்கேற்ப மாறுகிறது. அதிலிருந்து திருப்புவிசையைக் கணித்து, சுழலும் கோண வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபரர் 1986-இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் கருவிகள் இத்துறையில் முன்னோடிகள். அவை இரு கால்களின் உழைப்பையும் சேர்த்து அளந்தன. விலையைக் குறைக்கும் பொருட்டுப் பின்னர் வந்தவையே ஒரு கரத்தை மட்டும் அளப்பவை. இவை இடது காலின் திறனை அளந்து, அதனை இரண்டால் பெருக்கி, மொத்தம் என்று காட்டுகின்றன.

இரு கால்களும் ஏறத்தாழச் சமமாக உழைப்பவருக்கு இதனால் பெருங்கேடு இல்லை. என் நிலை வேறு. என் இடது கால் 40 வாட்டும் வலது கால் 60 வாட்டும் தருவதாகக் கொள்வோம். உண்மைத் திறன் 100 வாட். கருவியோ 80 என்று காட்டும். குறித்த இலக்கு 100 ஆயிற்றே என்று நான் இன்னும் அழுத்துவேன். எண் 100-ஐத் தொடும்போது, அதே விகிதத்தில், இடது கால் 50, வலது கால் 75, ஆக 125 வாட் உழைத்திருப்பேன். காயம் வலது காலில் இருந்திருப்பின், அதே 100 வாட் உழைப்புக்குக் கருவி 120 என்று காட்டும். நோயாளியும் குணமாகிவிட்டதென்று மகிழ்வார். காயமுற்ற காலின் தொடைத் தசை மெலிவதும், நல்ல கால் அதன் பங்கையும் ஏற்றுக்கொண்டு அம்மெலிவை மறைப்பதும் மருத்துவர் அறிந்தவையே. நாம் காண வேண்டியது அம்மறைவையன்றோ!

பின்சக்கரத்தின் ஹப்பில் அமைந்த கருவி மொத்தத்தைச் சரியாகக் காட்டும். கால்களைப் பிரித்துக் காட்டாது. செயின் வீலின் நடுவே அமைந்தது இடம், வலம் என இரு எண்களைத் தருகிறது. ஆனால் அது ஒவ்வோர் அரைச்சுற்றின் திறனையே அவ்வாறு பெயரிடுகிறது. ஒரு கால் கீழே அழுத்தும்போது மறுகால் தன் எடையால் எதிர்த்து நின்றால், அக்குறையும் அழுத்தும் காலின் கணக்கில் சேரும். இரு பெடல்களிலும் தனித்தனியே திரிபுமானி கொண்டவை கால்களை உண்மையாகவே பிரித்தளக்கும். எனினும் அவற்றுட் பல, காலணியைப் பெடலில் பூட்டும் வகையின. காலை விடுவிக்கக் குதிகாலை வெளிப்புறமாகத் திருகவேண்டும். முழங்காலைத் திருகாதீர் என்பதே எனக்கிட்ட முதற்கட்டளை!

எஞ்சியது, இரு கிராங்குகளிலும் திரிபுமானி உடைய வகை. சாதாரணத் தட்டைப் பெடலே இதற்குப் போதும். விலை மிகுதிதான். நான் அதனை உடனே வாங்கவில்லை. முதல் வாரங்களில் நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்று காட்டும் மலிவான கருவியே போதுமானதாயிருந்தது. காரணம் எளிய கணக்கு. 100 வாட் திறனை நிமிடத்திற்கு 60 சுற்றில் செலுத்தச் சராசரித் திருப்புவிசை ஏறத்தாழ 15.9 நியூட்டன் மீட்டர் வேண்டும். 90 சுற்றில் 10.6 போதும். திறன் அதுவே, அழுத்தமோ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கியரை இலகுவாக்கி விரைந்து மிதிப்பது முழங்காலுக்கு எத்துணை இதம் என்பதை இது காட்டும். வகுப்பில் கணக்காகவும் இதனைக் கொடுக்கலாம்.

இந்நகரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1958-இல் குன்னூரிலிருந்து இங்கு வந்தது. 1970-களில் அதன் ஆராய்ச்சியாளர்கள், சிறுவயதில் ஊட்டம் குன்றிய கிராமச் சிறுவர்களின் உழைப்புத் திறனைச் சைக்கிள் எர்கோமீட்டரில் ஆராய்ந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது மொத்த உழைப்பு. அதனை அளக்கும் கருவியைக் கொண்டனர். என் கேள்வி ஒரு காலைப் பற்றியது.

இரு புறமும் அளக்கும் கருவியை வாங்கிய பின்னரும் ஒரு சோதனை தேவை. பின்சக்கரத்தை அசையாது பிடித்து, கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து, பெடலில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுக. கிராங்கு 170 மில்லிமீட்டராயின் திருப்புவிசை 16.7 நியூட்டன் மீட்டர் அளவில் காட்டவேண்டும். மறுபுறமும் அவ்வாறே செய்க. இரண்டும் வேறுபட்டால் குற்றம் காலினுடையதன்று. வெப்பநிலை மாறினால் திரிபுமானியின் சுழியும் விலகும். ஆதலின் புறப்படுமுன் அதனைச் சரிசெய்தல் வேண்டும். ஹைதராபாத்தின் ஏப்ரல் வெயிலில் நிறுத்திவைத்த சைக்கிளுக்கு இது மிகவும் பொருந்தும்.

வெளிவட்டச் சாலையோரம் 2023-இல் திறக்கப்பட்ட, சூரிய மின்தகடுகளால் கூரையிட்ட சைக்கிள் பாதையில் இப்போது காலைதோறும் மிதிக்கிறேன். அக்கூரையின் திறன் 16 மெகாவாட்; அதன் நிழலில் செல்லும் என் திறன் இன்னும் 100 வாட்டைத் தாண்டவில்லை. முதல் நாள் இடது காலின் பங்கு நூற்றுக்கு 41. சென்ற வாரம் 46. நலமுள்ளவர்க்கும் இப்பங்கு சரிபாதியாய் அமைவதில்லை என்பதால் 48 வந்தவுடன் கருவியைக் கழற்றி, அதே நிலையிலுள்ள அலுவலக நண்பரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வலது முழங்கால்.