காலி சீசாவும் பழைய மூடியும்

எந்த வீட்டுப் பரணையும் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டையும் திறந்து பாருங்கள். காலி சீசாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஹார்லிக்ஸ் வந்த சீசா, ஜாம் வந்த சீசா, காப்பித் தூள் வந்த சீசா! கண்ணாடிச் சாமானைத் தூக்கி எறிய நமக்கு மனம் வருவதில்லை. அதில் தவறும் இல்லை. எலுமிச்சை ஊறுகாயும் தக்காளித் தொக்கும் போட்டு வைக்க அதைவிடச் சௌகரியமான பாத்திரம் ஏது? பித்தளையைப் போல் களிம்பு ஏறாது. பிளாஸ்டிக்கைப் போல் போன மாதத்துப் பூண்டு வாசனையைப் பிடித்து வைத்துக்கொண்டு இந்த மாதத்து ஜாமுக்குக் கொடுக்காது.

ஆனால் சகோதரிகளே, சீசா வேறு, மூடி வேறு. சீசாவுக்குக் கொடுக்கும் நம்பிக்கையை மூடிக்குக் கொடுக்காதீர்கள்.

ஜாம் சீசாவின் தகர மூடியைத் திருப்பி உட்புறம் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ரப்பர் போன்ற மெல்லிய பூச்சு ஒன்று ஓடுகிறதல்லவா? தொழிற்சாலையில் சூட்டோடு மூடும்போது அது இளகி, சீசாவின் வாயில் அழுந்தி, காற்றுப் புகாமல் பிடித்துக்கொள்கிறது. அப்படி விழுந்த தடம் மறைவதில்லை. மறுபடியும் நாம் எத்தனை இறுக்கித் திருகினாலும், சீசாவின் வாய் சரியாக உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. போதாக்குறைக்கு, கீறல் விழுந்த இடத்தில் உப்பும் புளிப்பும் பட்டுத் துருவும் ஏறும்.

திருகு மூடிச் சீசாவுக்கு ஒரு சரித்திரமே உண்டு. ஜான் லாண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கத் தகர வேலைக்காரர், வாயில் மரை வைத்த சீசாவுக்கு 1858-ல் காப்புரிமை பெற்றார். அந்த நாட்டில் கோடையில் விளையும் பழத்தையும் காய்கறியையும் சீசாவில் அடைத்து, சீசாவோடு சூடாக்கிக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது வழக்கம். சீசாவை வருஷக் கணக்கில் திருப்பித் திருப்பி உபயோகிக்கிறார்கள். மரை வளையத்தையும் அப்படியே. மேலே வைக்கும் தட்டை மூடி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது! 2020-ல் கொரோனாவுக்காக வீட்டில் அடைந்து கிடந்தபோது எல்லோரும் ஒரேயடியாக இந்த வேலையில் இறங்கிவிட, அங்கே மூடிக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது.

ஒரு மூடிக்கு இத்தனை பாடா என்கிறீர்களா? மூடி சரியில்லாவிட்டால் பூஞ்சை வரும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும். கொட்டிவிடலாம். அதைவிடப் பொல்லாத ஒன்று உண்டு. பாட்டுலினம் என்ற கிருமி மண்ணில் இருப்பது. காய்கறியோடு நம் வீட்டுக்கும் வரும். அதன் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. காற்று இல்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஆகவே புளிப்பும் உப்பும் போதாத பண்டத்தை நன்றாக இறுக மூடி மேடைமேல் வைப்பது, அந்தக் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது போல. நிறம் மாறாது, வாசனைகூட மாறாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே நஞ்சு ஊறியிருக்கும். உண்டவருக்குப் பார்வை இரட்டையாகும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, மூச்சும் தடைப்படலாம். இப்படி ஏதாவது தென்பட்டால் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1985-ல் கனடாவில் வான்கூவர் நகரத்து உணவு விடுதி ஒன்றில், எண்ணெயில் நறுக்கிப் போட்டுச் சீசாவில் அடைத்த பூண்டினால் 36 பேர் இப்படி நோயுற்றார்கள். வெறும் பூண்டு, வெறும் எண்ணெய். சீசாவைக் குளிரில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"நாங்கள் பரம்பரையாகப் பூண்டு ஊறுகாய் போடுகிறோமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதில் எலுமிச்சைச் சாறோ புளியோ இருக்கிறது. கை நிறைய உப்பும் இருக்கிறது. புளிப்பு பி.எச். கணக்கில் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி தலையெடுக்காது. பாட்டிமார் கணக்குத் தெரியாமலே கணக்காகப் போட்டிருக்கிறார்கள்! இரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கிற வீடுகளில்தான் யோசனை வேண்டும்: கொஞ்சமாகப் போடுங்கள், குளிர்ப்பெட்டியில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மேலே நிற்கும் எண்ணெய் பூஞ்சையைத் தடுக்குமே தவிர, இந்தக் கிருமியைத் தடுக்காது. தக்காளியையும் முழுக்க நம்பாதீர்கள். அதன் புளிப்பு எல்லைக் கோட்டில் நிற்பது. தொக்கில் புளியைக் குறைக்காமல் சேருங்கள். வேகவைத்த பட்டாணி, பீன்ஸ், குழம்பு இவற்றைச் சீசாவில் அடைத்து வெளியே வைக்கும் யோசனையே வேண்டாம்.

இனி சீசா. வாயைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். சிறு மூளி தட்டுப்பட்டாலும் ஒதுக்கிவிடுங்கள். அடியில் துணி விரித்த பாத்திரத்தில் சீசாவைப் போட்டு, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். ஊறுகாய்க்கானால் எடுத்து ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். ஜாமுக்கானால் சீசா சூடாக இருக்கும்போதே ஜாமையும் சூடாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த சீசாவில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் உட்புறம் விரியும், வெளிப்புறம் விரியாது. "டப்"பென்று ஒரு சத்தம், ஜாம் முழுவதும் அடுப்பு மேடையில்! சூட்டுச் சீசாவைக் கருங்கல் மேடையில் வைத்தாலும் இதே கதிதான், மணைப்பலகை போதும். எடுத்துப் போட மரக் கரண்டி நல்லது. இரும்புக் கரண்டி உள்ளே போடும் கீறல்தான் பிறகு ஒரு நாள் விரிசலாகிறது.

ஊறுகாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மேலே சீசாவுக்குப் பொருந்தும் புது மூடி ஒன்றைப் போடுங்கள். பழைய மூடிகளைக் கடுகு, பருப்புச் சீசாக்களுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வாய் மூளியான சீசா மட்டும் எதற்கும் உதவாதே என்று கவலைப்படாதீர்கள். ஜன்னலோரத்தில் மணி பிளான்ட் வைக்க அதுதான் வேண்டும்.