இன்னும் ரத்தமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் இப்படிச் சலித்துக் கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "காலையில்தானே எடுத்தார்கள்? மறுபடியும் ஊசியோடு வந்து நிற்கிறார்களே!" புற்றுநோய்க்கு மருந்து ஏறும் குழந்தை என்றால் பெற்ற வயிறு பதறத்தானே செய்யும்? ஆனால், சகோதரிகளே, காரணம் தெரிந்தால் குழந்தையின் கையை நீங்களே பிடித்துக் கொடுப்பீர்கள்.

மெதோட்ரெக்ஸேட் என்று ஒரு மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைமை வகித்தபோது பிறந்தது அது. அதன் மூத்த சகோதரி என்று சொல்லத்தக்க அமினோப்டெரினை, ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குப் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர் பரீட்சார்த்தமாகக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் சில காலம் தணிந்ததென்று 1948-இல் உலகம் அறிந்தது.

மருந்து கிடைத்தது, அளவு? அங்கேதான் சங்கடம். நோய் அணுவைக் கொல்லும் மருந்து நல்ல அணுவையும் விடாது. மெதோட்ரெக்ஸேட்டைப் பெரிய அளவில் கொடுத்தால், வேலை முடிந்ததும் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிட வேண்டும். ஒரே எடையுள்ள இரு குழந்தைகளுக்கு ஒரே அளவு கொடுத்தாலும், ஒன்றுக்கு மூன்று நாளில் வடிந்துவிடும். மற்றொன்றுக்கு வடியாமல் தங்கிவிடும். தங்கினால் வாயெல்லாம் புண், எலும்பு மஜ்ஜைக்குச் சேதம், சிறுநீரகத்துக்கே ஆபத்து. லூகோவோரின் என்ற மாற்று மருந்து காப்பாற்றும். அதை எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல வைக்கும் வழிகளில் ஒன்றைக் கேளுங்கள். ரத்தத்தை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் தங்கி, இளமஞ்சள் நீர் மேலே தெளியும். அதுதான் பிளாஸ்மா. எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவது போல, அதிலுள்ள புரதத்தைத் திரியச் செய்து நீக்கிவிடுவார்கள். தெளிந்த நீரை, ஒரு சாண் நீளமே உள்ள எஃகுக் குழாய்க்குள் பம்பினால் அழுத்திச் செலுத்துவார்கள். குழாய் நிறைய, மாவினும் நுண்ணிய துகள்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ஒன்றாய்த் தெருவில் நுழையும் பத்துப் பேரும் ஒன்றாகவா மறுமுனைக்குப் போய்ச் சேருகிறார்கள்? வளையல் கடைதோறும் நிற்பவள் கடைசியில் வருவாள். திரும்பியே பாராதவர் முதலில் வருவார். குழாய்க்குள்ளும் அதே கதைதான். துகள்களோடு ஒட்டி உறவாடும் பொருள் தாமதிக்கும், ஒட்டாதது முந்தும். மருந்து வெளிவரும் நிமிஷம் முன்பே தெரியுமாதலால், அந்த நேரத்தில் எழும் சிகரத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடுவார்கள். புத்தம் புதிய மருந்துகளைப் பரீட்சிக்கும் போதும் பெரும்பாலும் இந்தக் குழாய்தான் துணை.

இதற்கு விதை போட்டவர் ரஷ்யத் தாவர நிபுணர் மிகயில் ஸ்வெட். 1903-இல் வார்ஸாவில், இலைச் சாற்றைக் கண்ணாடிக் குழாயிலிட்ட பொடியின் வழியே வடித்து, பச்சையையும் மஞ்சளையும் தனித்தனி வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். பின்னர் அவர் விரும்பிக் கையாண்ட பொடி எது தெரியுமோ? சாதாரணச் சாக்குத் தூள்! ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளத்தில் சிமெண்டுக்காக வெட்டியெடுத்திருக்கிறார்களே சுண்ணாம்புக்கல், அதுவும் சாக்கும் ஒரே சரக்குதான். வீடு கட்ட உதவும் கல்லுக்கு உயிர் காக்கும் வித்தையிலும் பங்கு இருக்கிறது, பாருங்கள்!

ஆகவே, ஒரு தடவை எடுப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். குறித்த மணிக்கு ரத்தம் எடுக்க வந்தால், "குழந்தை தூங்குகிறது, அப்புறம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். மணி தவறினால் கணக்கும் தவறும். டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சில வலி மாத்திரைகள் மெதோட்ரெக்ஸேட்டை உடம்பை விட்டுப் போகவிடாமல் தடுத்துவிடும். வேறெந்த மருந்து கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் பார்க்கும் கணக்கில் பாதி அந்தக் குழாயிலிருந்து வருகிறது. மீதி உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.