குச்சிக்கு வயசு தெரியுமா?



போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவர் "விடுமுறையில் எங்கே போகலாம்?" என்று எழுதியிருந்தார். ராட்டினம், ரோலர் கோஸ்டர், அலைக்குளம் என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் அவர் எழுதியது எல்லாம் கேட்டுக்கு உள்ளே நடப்பது. கேட்டுக்கு வெளியே நடப்பதை நான் எழுதுகிறேன்.

அங்கே ஒரு குச்சி இருக்கும். சில இடத்தில் குச்சி, சில இடத்தில் சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கி. கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கும் கரடி பொம்மையும் உண்டு. அதன் பக்கத்தில் குழந்தையை நிற்க வைப்பார்கள். தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம், மேலே போனால் டிக்கெட். இதைப் பற்றித்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. சவாரியில் ஏற்ற உயரம் பார்ப்பது நியாயம். காசு வாங்க உயரம் பார்ப்பது நியாயமில்லை.

தாம்பரத்துக்காரர்களுக்குத் தீம் பார்க் புதிதில்லை. 1995-லேயே நம் ஊருக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தா வந்துவிட்டது. அதை உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) படத்தைத் தயாரித்ததும் அவர்தான். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பா அங்கே நனைந்து நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறது. மீசைகூட முளைக்கவில்லை! இப்போது 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்துவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து திருப்போரூருக்கு 515 பஸ் போகிறது. அதனால் இந்த வருடம் நம் பள்ளியில் பாதிப் பேர் தம்பி தங்கைகளோடு ஏதாவது ஒரு கேட்டில் நிற்கப் போகிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இலவசம். 85 முதல் 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். இதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் 85 செ.மீ. என்றால் எத்தனை வயது? உலக சுகாதார நிறுவனம் 2006-ல் குழந்தை வளர்ச்சி அட்டவணை ஒன்று வெளியிட்டது. இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரித்தது. அதன்படி 2 வயது ஆண் குழந்தையின் சராசரி உயரம் 87 செ.மீ. பெண் குழந்தை என்றால் 85.7 செ.மீ. அதாவது நடுத்தர உயரமுள்ள குழந்தையே இரண்டாவது பிறந்தநாள் கேக் வெட்டும்போது 'டிக்கெட் வாங்கும் வயசுக்கு' வந்துவிடுகிறது. கொஞ்சம் வளர்த்தியான குழந்தை ஒன்றரை வயதிலேயே கோட்டைத் தாண்டிவிடும். பால் பாட்டிலோடு குழந்தை டிக்கெட்!

மறுமுனையையும் பாருங்கள். 140 செ.மீ. என்பது பத்து வயதைத் தாண்டியவர்களின் உயரம். 139 செ.மீ. இருக்கும் ஆறாம் வகுப்புப் பையன் முக்கால்வாசி சவாரிகளில் ஏறி இறங்கிக் கத்தித் தொண்டை கட்டித் திரும்புவான். 86 செ.மீ. இருக்கும் பாப்பா குதிரை ராட்டினத்தில் ஒரு சுற்று சுற்றும், மீதி நேரம் அம்மா தோளில் தூங்கும். பெரிய சவாரி எதிலும் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட். சாப்பாட்டுக் கடையில் ஒரு இட்லி சாப்பிட்ட குழந்தைக்கும் ஃபுல் மீல்ஸ் பில் போட்டால் சும்மா இருப்போமா?

சவாரிக்கு உயரம் பார்ப்பதை நான் குறை சொல்லவே இல்லை. பிறப்புச் சான்றிதழைக் காட்டினாலும் இரும்புக் கம்பிக்கு அது புரியாது. உடம்பு இருக்கைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், உயரத்திலிருந்து கீழே விழும் சவாரி ஒன்றில் 14 வயது மாணவர் தவறி விழுந்து இறந்தார். வயதில் நம்மைப் போல, உருவத்தில் பெரியவர். அந்த இருக்கைக்குச் சொல்லப்பட்டிருந்த எடை வரம்பைவிட அவர் எடை அதிகம். நம் கிஷ்கிந்தாவிலேயே 2016 மே மாதம் ஒரு பெரிய ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்கும்போது ஊழியர் ஒருவர் இறந்துபோனார். எந்திரத்தோடு விளையாட்டு வேண்டாம். ஏற்றமாட்டேன் என்று அந்த அண்ணா சொன்னால் கெஞ்சாமல் இறங்கிவிட வேண்டும்.

ஆனால் டிக்கெட் கவுண்டர் என்ன ரோலர் கோஸ்டரா?

இப்போது என் வீட்டுக் கதை. போன கோடையில் வேறொரு ஊரில் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். என் தங்கைக்கு அப்போது 2 வயது 4 மாதம், உயரம் 94 செ.மீ. எங்கள் வீட்டில் எல்லோருமே வளர்த்தி. (பிரேயரில் கடைசி வரிசை எனக்குப் பரம்பரைச் சொத்து.) அந்தப் பூங்காவின் போர்டில் "3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இலவசம்" என்று பெரிதாக எழுதியிருந்தது. கேட்டில் நின்றவர் தங்கையை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வயசு?" அம்மா சொன்னார். "பாத்தா அப்படித் தெரியலையேம்மா, நாலு இருக்கும் போல" என்றார். குச்சி பக்கத்தில் நிற்க வைத்தார். பாட்டி அன்று ஆசையாக உச்சியில் குடுமி போட்டு அதில் மல்லிகைப்பூ வேறு சுற்றியிருந்தார். அதையும் சேர்த்துத்தான் அளந்தார்! பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் டிக்கெட் எடுத்தார். அந்தப் பணம் எங்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. ஆனால் அம்மா பொய் சொன்னதாக முப்பது பேர் நினைத்தார்களே, அது பெரிய கஷ்டம். அன்று முழுக்க அம்மா தண்ணீரில் இறங்கவே இல்லை.

வளர்த்தியான குழந்தை இருக்கிற வீடுகளுக்கு இது பூங்காவோடு முடிகிற விஷயம் இல்லை. "இவ்ளோ பெரிய பொண்ணு இன்னும் இடுப்புலயா?", "இன்னுமா பேச்சு வரல, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளை மாதிரிதான் பேசுகிறது, அழுகிறது, கீழே விழுந்து புரள்கிறது. உயரத்தைப் பார்த்து ஐந்து வயதுப் புத்தியை எதிர்பார்த்தால் அது என்ன செய்யும், பாவம்!

எங்கள் தெரு அங்கன்வாடியிலும் மாதா மாதம் எடை பார்க்கிறார்கள், உயரமும் அளக்கிறார்கள். ஆனால் அந்த டீச்சர் வெறும் உயரத்தை மட்டும் எழுதி வைப்பதில்லை. வளர்ச்சி அட்டையில் படுக்கைக் கோட்டில் வயது, நிற்கும் கோட்டில் உயரம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி. கணக்கு வகுப்பில் நாம் போடும் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு மாதிரிதான். ஒரு அச்சு இல்லாமல் கிராஃப் போட்டால் நம் கணக்கு சார் முட்டைதான் போடுவார். பூங்கா கேட்டில் மட்டும் பாஸ் மார்க்!

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், ஒவ்வொருவரிடமும் வயசு விசாரித்தால் மதியம் வரை கேட் திறக்க முடியாது. குச்சி பொய் சொல்லாது, மனிதர்கள் சொல்வார்கள். இது உண்மைதான். ரயிலில் டி.டி.இ. வந்ததும் திடீரென்று நாலரை வயதாகிவிடும் அண்ணன்களை நானே பார்த்திருக்கிறேன். அதோடு, குள்ளமான குழந்தைக்கு இந்த விதியால் லாபம்தானே என்றும் கேட்கலாம். லாபம்தான், அது இருந்துவிட்டுப் போகட்டும். குள்ளமான பிள்ளையிடம் டிக்கெட் வாங்கு என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். குச்சி இருக்கட்டும். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை ஒன்றும் கேட்காமல் உள்ளே விடுங்கள். கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு 3 வயது ஆகவில்லை என்று அம்மா சொன்னால், சான்று காட்ட ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் எல்லோர் போனிலும் போட்டோவாக இருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2018 முதல் நீல நிற ஆதார் அட்டையும் கொடுக்கிறார்கள். பார்க்க அரை நிமிடம் ஆகுமா? பைக்குள் பிஸ்கட் பாக்கெட் இருக்கிறதா என்று துழாவ மட்டும் இவர்களுக்கு நேரம் இருக்கிறதே!

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது, எத்தனை உயரம் இருந்தாலும் சரி. அங்கேயும் உயரக் குச்சி உண்டு, ஆனால் அது ஒவ்வொரு சவாரியின் வாசலில் நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பீச் வரைக்கும் 5 வயது ஆகாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் இல்லை. அரசு பஸ்ஸில் முன்பு 3 வயது வரைதான் இலவசம், 2022-ல் அதை 5 வயது வரை என்று உயர்த்தினார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் வயதுக் கணக்குதான். அங்கே உயரத்தை வைத்து டிக்கெட் போட்டால் ஒட்டகச்சிவிங்கிக் குட்டி பாவம்!

பூங்காக்களுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் அம்மா பிழை திருத்திக் கொடுத்துவிட்டார். மூன்று பிழை, மூன்றும் ஒற்றுப்பிழை. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் மதிய இடைவேளையில் 9 'ஆ' வகுப்புக்கு வரவும். வீட்டில் வளர்த்தியான தம்பி தங்கை இருந்தால் அவர்களின் வயதையும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். குடுமி இல்லாமல் அளக்கவும்.

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு