பார்வையாளர் காணாத மருத்துவமனை



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், விதுராவைக் கடந்ததும் கல்லாறு என்னும் சிற்றூர் உண்டு. பாறைகளின்மேல் ஆறு ஓடுகிறது; அதை ஒட்டியே வனம் தொடங்குகிறது. அங்குள்ள ஒரு விசுவாசியின் இல்லத்தில் ஜெபம் முடிந்தபின், அவருடைய சிறிய மகள், "பாஸ்டர் ஐயா, காட்டு மிருகத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வைத்தியம் பார்ப்பார்கள்?" என்று கேட்டாள். வனத்துறை மருத்துவர்கள் பார்ப்பார்கள் என்றும், சில மிருகங்கள் நகரத்து மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுவரப்படும் என்றும் சொன்னேன். எனினும் அக்கேள்வி என்னைவிட்டு நீங்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் அங்கே சென்றேன்.

மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் தொடங்கப்பட்ட பழமையான மிருகக்காட்சிசாலை அது. 2015-ஆம் ஆண்டு வயநாட்டில் காயங்களுடன் பிடிபட்ட ஒரு புலி இங்கே கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பெற்றது. ஜார்ஜ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது பிழைத்தது, ஆனால் தன் பழைய வனத்திற்குத் திரும்பவில்லை. 2021 டிசம்பரில் மரிக்கும்வரை இங்கேயே பராமரிக்கப்பட்டது.

"மருத்துவமனையைப் பார்க்கலாமா?" என்று ஒரு பணியாளரிடம் கேட்டேன். "அது பார்வையாளர்கள் போகும் இடம் இல்லை, ஐயா" என்றார். பின்பு சற்று நேரம் நின்று விளக்கினார். வனத்தில் பலவீனத்தைக் காட்டும் மிருகம் எளிதில் இரையாகிவிடும். ஆகையால் மிருகங்கள் தங்கள் நோயை மறைக்கும். தினமும் உணவிடுகிறவரே மீந்துபோன தீனியையும் நடையின் மாற்றத்தையும் கண்டு முதலில் அறிவார். புதிதாக வரும் மிருகத்தை உடனே ஜனங்களுக்குக் காட்டுவதில்லை. வழக்கமாக ஏறத்தாழ 30 நாட்கள் தனியிடத்தில் வைத்துக் கவனிப்பார்கள். வைத்தியம் செய்கிறவரைப் பார்த்தே மிருகம் உறுமும். அவரோ அதற்காகக் கோபம் கொள்வதில்லை.

நம் சென்னை வண்டலூரிலும் 2021-இல் இதைக் கண்டோம். கொரோனா தொற்றிய சிங்கங்கள் உணவில் நாட்டம் குறைந்து இருமியதைப் பராமரிப்பாளர்கள் கவனித்த பின்னரே நோய் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் இரண்டு சிங்கங்கள் மரித்தன, மற்றவை பிழைத்தன.

பிரியமானவர்களே, அந்தப் பணியாளரின் வார்த்தைகள் என்னைக் குத்தின. சில ஆண்டுகளுக்கு முன் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை தேடி ஒரு சகோதரர் எங்கள் சபைக்கு வந்தார். வேலை தேடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர். அவர் குடியை விட்ட மூன்றாம் வாரத்திலேயே அவரை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தேன். சபை கைதட்டித் துதித்தது, நானும் மகிழ்ந்தேன். சில மாதங்களில் அவர் மறுபடியும் விழுந்தார். கைதட்டியவர்களின் முகத்தைக் காண வெட்கப்பட்டு, சபைக்கு வருவதையே விட்டுவிட்டார். "பின்வாங்கிப்போனவர்" என்று நாங்கள் சுலபமாய்ச் சொன்னோம். காயம் ஆறுமுன்னே அவரைக் காட்சிக்கு வைத்தவன் நான் என்று ஒருநாளும் அறிக்கையிடவில்லை.

பெத்சாயிதாவில் குருடனைச் சுகமாக்கிய நம் ஆண்டவர் செய்ததைக் கவனியுங்கள் (மாற்கு 8:22-26). முதலாவது அவனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்றார். அவன் அரைகுறையாய்ப் பார்த்தபோது அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் அவன்மேல் கைகளை வைத்தார். முற்றிலும் தெளிந்த பின்னும் ஊருக்குள் போய் அறிவிக்கச் சொல்லவில்லை. கதரேனர் நாட்டு மனிதனையோ, தன் வீட்டாருக்கு அறிவிக்கும்படி அனுப்பினார் (மாற்கு 5:19). சாட்சி அவசியமே, அதற்குரிய காலத்தை வைத்தியர் அறிவார்.

நம் சபைகளில் மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. பார்வையாளர் காணாத மருத்துவமனை இருக்கிறதா? கடனை மறைக்கும் குடும்பம், மாத்திரையை ஒளித்துவைக்கும் சகோதரி, சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லும் வாலிபன்: இவர்களின் தட்டில் மீந்திருப்பதை யார் கவனிக்கிறார்கள்? சிலர் சுகமடைந்தும் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப இயலாமலிருக்கலாம். அந்தப் புலியைப் போல் அவர்களுக்கும் கடைசிவரை பராமரிப்பு தேவை.

ஊர் திரும்பியதும் அந்தச் சகோதரரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தவறு என்னுடையது, தம்பி" என்று மட்டும் சொல்லி, ஜெபித்துவிட்டு வந்தேன். இப்போது வியாழக்கிழமைதோறும் அவரும் அவர் மனைவியும் நானும் அந்த ஒற்றை அறையில் ஜெபிக்கிறோம். இன்னும் அவர் சபைக்கு வரவில்லை. நான் அழைத்து நெருக்கவுமில்லை.

உங்கள் அருகிலும் அப்படி ஒருவர் இருப்பார். இவ்வாரம் அவரைத் தேடிச் செல்லுங்கள். சென்றதை ஒருவருக்கும் சொல்லாதிருங்கள். காயங்கட்டுகிற நல்ல மேய்ப்பர் உங்களோடிருப்பாராக. ஆமென்.